தொழில் கேள்வி பதில்: பெரிய கம்பெனியை விட்டு எப்படி விலகுவது?

அன்புள்ள அக்காவுக்கு,

திருப்பூரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கிறேன். ஒரே நேரத்தில் இருபது பீஸில் தைக்கும் இருபது ஹெட் மெஷின் இரண்டு. பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். ஆறு வருடமாக ஓர் ஏற்றுமதிக் கம்பெனிதான் எங்களுக்குப் பாதிக்கு மேல் வேலை தருகிறது. முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. இப்போது முடியவில்லை அக்கா. சாம்பிள் ஓகே ஆன பிறகு டிசைனை மாற்றுகிறார்கள், அதை மெஷினுக்கு ஏற்ற ஃபைலாக்கும் பஞ்சிங்கை மறுபடி செய்ததற்குக் காசு கிடையாது. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்து, எடுக்காவிட்டால் என் வீட்டுக்காரருக்குச் செய்கிறார். சரக்கு போய் மூன்று மாதம் கழித்து 'டேமேஜ்' என்று பணத்தைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் வருகிறது. மூன்று டெபிட் நோட்டில் மட்டும் 62,000 ரூபாய் போயிருக்கிறது. அது போக பாக்கி 4,35,000. வீட்டுக்காரர், 'போனை எடுக்காதே, தானாக விட்டுவிடுவார்கள்' என்கிறார். மாமனார், 'பெரிய இடத்தைப் பகைச்சுக்காதே' என்கிறார். பாக்கியும் வர வேண்டும், ஊரில் பேரும் கெடக் கூடாது. எப்படி விலகுவது?

பெயர் வேண்டாம், திருப்பூர்

கண்ணு, உங்கள் கடிதத்தில் நான் தேடிய ஒரு விஷயம் இல்லை. இன்றைக்கு உங்கள் பட்டறையில் அவர்களுடைய பீஸ் எவ்வளவு கிடக்கிறது? கட்டிங் பீஸ் எத்தனை பண்டில், அவர்கள் கொடுத்த நூல் கோன் எத்தனை, ரிஜெக்ஷன் என்று ஓரமாகக் கட்டி வைத்த மூட்டைக்குள் எத்தனை? விலகுவதைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து இதை எண்ணுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நான் எண்ணாமல் விலகியவள்.

2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடினார்களே, அந்த வருடம். திருப்பூரில் யாரிடமும் பணம் புரளவில்லை. எனக்கு ஒரு கம்பெனி 96,000 தர வேண்டியிருந்தது. ஐந்து மாதமாக 'அடுத்த சனிக்கிழமை' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்களுடைய புது ஆர்டர் என் பட்டறைக்கு வந்தது. குழந்தைகள் டீ ஷர்ட்டின் முன்பக்கக் கட்டிங் பீஸ், 1,840. மஞ்சள் துணியில் ஒரு யானைக்குட்டி, ஒன்பதாயிரம் ஸ்டிச். வேலையை முடித்துவிட்டு, 'பழைய பாக்கி வந்தால்தான் பீஸ் வெளியே போகும்' என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு என்ன ஒரு நிம்மதி தெரியுமா! பெரிய வீரி மாதிரி இருந்தேன்.

முன்பக்கம் இல்லாமல் பின்பக்கத்தையும் கையையும் வைத்துக்கொண்டு அவர்கள் என்ன தைக்க முடியும்? லைன் நின்றது. ஒன்பது நாள் இழுத்தது. கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பினார்கள். அந்தச் செலவு 2,10,000 என்று என் தலையில் டெபிட் நோட் வந்தது. வரவேண்டிய 96,000 அதிலேயே கரைந்துவிட்டது. மீதியை அவர்கள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அது போகட்டும். அடுத்த ஒரு வருடம் புதுக் கம்பெனி எதில் நுழைந்தாலும், 'நீங்கதானுங்களே அந்த பீஸைப் பிடிச்சு வெச்சவங்க?' என்று கேட்டார்கள். அதுதான் வலித்தது.

பிறகுதான் ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டேன். போவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் 170-ம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் கொடுத்த பொருளில் நாம் உழைப்பைப் போட்டிருந்தால், அந்த வேலைக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் 'அந்த வேலைக்கான கூலி' என்பதைக் கவனியுங்கள். பழைய ஆர்டர் பாக்கிக்காகப் புது ஆர்டர் பீஸைப் பிடித்து வைக்க அதில் இடமில்லை. 'பில்லுக்கு முப்பது நாள் டைம்' என்று நாமே கடன் சொல்லிக் கொடுத்திருந்தால் அதுவும் செல்லாது. யானைக்குட்டியைப் பிடித்து வைத்தது சட்டப்படியும் என் தப்புத்தான்.

ஆகையால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம், அவர்கள் பீஸ் உங்கள் பட்டறையில் குறைவாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஆர்டருக்கு நடுவில் எப்படியும் பத்துப் பதினைந்து நாள் இடைவெளி வரும். கையில் சரக்கு இருக்கும்போது சொன்னால் அது மிரட்டல் மாதிரிதான் கேட்கும், நீங்கள் எவ்வளவு பணிவாகச் சொன்னாலும்.

வீட்டுக்காரர் சொல்வதைச் செய்யாதீர்கள். போனை எடுக்காமல் இருப்பது விலகுவதாகாது, ஒளிவதாகும். மாமனார் சொல்வதில் பாதி சரி. பெரிய இடம் என்பதால் அல்ல, திருப்பூர் சின்ன ஊர் என்பதால். இன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்யும் அந்த மெர்ச்சண்டைசர் தம்பி அடுத்த வருடம் வேறு கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். அவர் மேஜைக்கே நீங்கள் கொட்டேஷன் கொண்டு போக வேண்டிவரும். பாவம், அவரையும் பத்தரை மணிக்கு யாரோ போனில் திட்டியிருப்பார்கள்.

சரி, இப்போது பணம். கடிதத்தை நீட்டும் முன்னால் கணக்கை ஒத்துக்கொள்ள வையுங்கள். இந்த வரிசை முக்கியம். விலகுகிறோம் என்று தெரிந்த பிறகு எந்த அக்கவுண்ட்ஸ் பிரிவும் உங்கள் பேப்பரில் கையெழுத்துப் போடாது. செப்டம்பர் 30 அரையாண்டு முடிவு, எல்லாரும் கணக்கு ஒத்துப் பார்க்கிற நேரம். பில் எண், தேதி, டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எண், தொகை, வந்த பணம், பிடித்த டி.டி.எஸ். (நம் பேரில் அவர்கள் கட்டும் வருமான வரி), நிற்கும் பாக்கி எல்லாம் ஒரே தாளில் போட்டு, 'எங்கள் புத்தகப்படி பாக்கி இவ்வளவு, சரிபார்த்து உறுதி செய்யவும்' என்று மெயில் அனுப்புங்கள். பதிலுக்கு அக்கவுண்டன்ட் 'ஓகே' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், அதைப் பிரிண்ட் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடக் கெடு. கெடு முடிவதற்குள் 'ஆமாம், தர வேண்டும்' என்று அவர்கள் எழுத்தில் ஒத்துக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடத் தொடங்கும்.

இது குறுக்குப் புத்தி இல்லையா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முன்பு தோன்றியது. நம் கணக்கை நாம் கேட்க எதற்குக் கூச்சம்?

டெபிட் நோட்டுக்கு வருவோம். 2006-ம் வருடத்துச் சிறு குறு நடுத்தரத் தொழில் சட்டத்தைப் பற்றி எல்லாரும் '45 நாளில் பணம் தர வேண்டும்' என்பதை மட்டும் சொல்வார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான் அந்த 45 நாள், அதுவும் அதிகபட்சம். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். நம் ஊரில் எத்தனை பேர் கூலிக்குச் செய்யும் ஜாப் ஒர்க்குக்கு எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறார்கள்? அதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. மூன்று மாதம் கழித்து வந்த உங்கள் மூன்று டெபிட் நோட்டையும் இந்த வரியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்காகச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. கணக்குத் தாளில் அந்த 62,000-ஐக் கழிக்காமல், 'ஒத்துக்கொள்ளப்படாத டெபிட் நோட்' என்று தனி வரியாகக் காட்டுங்கள். பேச்சு வார்த்தையில் அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுப்பதற்கு உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா? முழுசாக விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தால் மிச்ச நாலு லட்சத்தில்தான் கை வைப்பார்கள்.

உங்களிடம் சிறு தொழிலுக்கான அரசின் உதயம் பதிவு இருக்கிறதா? கடிதத்தில் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள், ஆதாரும் பானும் இருந்தால் காசில்லாமல் முடிகிற வேலை. வேலை செய்து முடித்த பிறகு எடுத்த பதிவைக் காட்டி அந்தப் பழைய பாக்கியைக் கேட்கப் போனால் சிக்கல் வரும். பதிவு முன்பே இருக்கிறதென்றால் உங்கள் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட நன்றாக இருக்கிறது. 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து, குறு, சிறு யூனிட்டுக்குக் கெடுவுக்குள் பணம் தராமல் ஆண்டு முடிவிலும் பாக்கி வைத்தால், அந்தத் தொகையைக் கம்பெனி அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. அதற்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். 2024 மார்ச்சில் ஆடிட்டர்கள் எல்லாம் கம்பெனி கம்பெனியாகப் போன் போட்டு 'ஜாப் ஒர்க் பாக்கியை முடிங்க' என்று விரட்டியது இதனால்தான். ஜி.எஸ்.டி.யிலும் ஒன்று உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், அந்தப் பில்லில் உள்ள வரியை அவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொண்டதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

இவற்றை அவர்களிடம் சட்டம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. கணக்குத் தாளில் ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே 'பில் தேதியிலிருந்து இத்தனை நாள்' என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள், அவ்வளவுதான். 171, 176, 180 என்று எண்ணைப் பார்த்ததும் அவர்கள் அக்கவுண்டன்டுக்குப் புரிந்துவிடும். நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம்.

டி.டி.எஸ். பிடித்ததாகச் சொல்கிறார்களே, அதைக் கட்டினார்களா என்றும் வருமான வரி இணையதளத்தின் 26ஏஎஸ் படிவத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விலகிய பிறகு அதற்காக அந்த ஆபீஸ் படியேறுவது ரொம்பக் கசப்பான வேலை.

இனிமேல்தான் சொல்ல வேண்டியதைச் சொல்வது. மெர்ச்சண்டைசரிடம் முதலில் சொல்லாதீர்கள். ஆறு வருடம் முன்பு உங்களுக்கு முதல் ஆர்டர் கொடுத்தவர் யார்? முதலாளியா, ஃபேக்டரி மேனேஜரா? அவர் இன்னும் அங்கே இருந்தால் அவரைப் பாருங்கள். நேரில், காலையில். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம், சம்பள நாளில் யாரிடமும் யாரும் நல்லபடியாகப் பேச முடியாது. கடிதத்தைக் கையில் கொண்டு போங்கள். நான் எழுதுவதாக இருந்தால் இவ்வளவுதான் எழுதுவேன்:

'ஐயா, வணக்கம். ஆறு வருடங்களாக எங்களுக்கு வேலை கொடுத்ததற்கு நன்றி. நவம்பர் 30-க்குப் பிறகு எங்கள் யூனிட்டில் தங்கள் கம்பெனிக்குப் புதிய ஆர்டர் எடுக்க இயலாது. இப்போது கையிலுள்ள இரண்டு ஸ்டைல்களையும் ஒப்புக்கொண்ட தேதியில் முடித்துக் கொடுத்துவிடுகிறோம். தங்களுடைய நூல் கோன்களையும் மீதிக் கட்டிங் பீஸ்களையும் டி.சி. போட்டுத் திருப்பி அனுப்புகிறோம். செப்டம்பர் 30 வரை இருவரும் ஒத்துக்கொண்ட கணக்கின் நகல் இத்துடன் உள்ளது. நிலுவைத் தொகையை டிசம்பர் 31-க்குள் முடித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.'

இதில் காரணம் என்று ஒரு வரி கூட இல்லை, பார்த்தீர்களா? காரணம் எழுதினால் பேரம் ஆரம்பிக்கும். 'ராத்திரி போன் வருகிறது' என்று எழுதினால், 'இனிமேல் பண்ண மாட்டார், நான் சொல்லிட்டேன்' என்பார். 'ரேட் கட்டுபடியாகவில்லை' என்றால் ஆயிரம் ஸ்டிச்சுக்குப் பத்துக் காசு ஏற்றித் தருவதாகச் சொல்வார், நீங்களும் வெளியே வரும்போது அடுத்த ஆர்டர் டி.சி.யோடு வருவீர்கள். நான் அப்படி இரண்டு தடவை வந்திருக்கிறேன். ஒரு தடவை நான்கு பக்கத்தில் என் ஆற்றாமையை எல்லாம் எழுதி எங்கள் ஆடிட்டரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, 'நல்லா எழுதிருக்கீங்கம்மா, வீட்டுலயே வெச்சுக்கோங்க' என்றார். இன்னும் வைத்திருக்கிறேன்.

நேரில் 'ஏனுங்க, என்ன பிரச்சினை?' என்று கேட்பார்தான். 'இருக்கிற மெஷினுக்கு வேலையைக் குறைச்சுக்கிறோமுங்க' என்று மட்டும் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. டீ வந்தால் குடியுங்கள்.

'கையில் உள்ளதை முடித்துக் கொடுக்கிறோம்' என்று எழுதிய இடத்தில் வழுக்காதீர்கள். கடைசி இரண்டு ஸ்டைலில் செக்கிங்கை நீங்களே உட்கார்ந்து பாருங்கள். பின்பக்கப் பேப்பரைச் சுத்தமாகக் கிழித்திருக்கிறதா, தொங்கும் நூலை வெட்டியிருக்கிறதா, ஃபிரேம் அச்சு துணியில் விழுந்திருக்கிறதா எல்லாம். போகிறவன் வேலை மட்டம் என்று ஒரு பீஸ் கிடைத்தால் போதும், அதை வைத்து ஒரு டெபிட் நோட் எழுதிவிடுவார்கள். பண்டில் நம்பர்படி எண்ணிக் கட்டி, டி.சி.யில் வாங்கியவர் பெயரும் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். செக்யூரிட்டி கிறுக்கினது போதாது, ஸ்டோர் ஆள் போட வேண்டும். ரிஜெக்ஷன் பீஸையும் எண்ணித் திருப்புங்கள். லோகோ போட்ட ரிஜெக்ஷன் பீஸ் உங்களிடமிருந்து மிச்ச பீஸ் விற்கும் காதர்பேட்டைக் கடைக்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நான் இங்கே எழுதும் எதுவும் உங்களைக் காப்பாற்றாது.

டிசைன் ஃபைலைப் பற்றிக் கேட்பார்கள், அதற்கும் தயாராகப் போங்கள். பஞ்சிங்குக்குக் காசு வாங்கிய டிசைன் எல்லாம் அவர்களுடையது. கேட்டால் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். காசு தராத பஞ்சிங் உங்கள் உழைப்பு, வேண்டுமென்றால் விலை சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் அவர்களிடம் சரக்கு வாங்கும் பையருடைய லோகோவை வேறு எவருக்கும் ஓட்டக் கூடாது, சாம்பிளுக்குக் கூட.

ஒரே ஒரு கவலை எனக்கு. பாதிக்கு மேல் வேலை அவர்களுடையது என்கிறீர்கள். பதினோரு பேருக்குச் சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும். கோபத்தில் ஒரே நாளில் அறுத்துக்கொண்டால் மூன்றாவது வாரம் நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போவீர்கள், நான்காவது வாரம் அதே கம்பெனிக்குத் திரும்புவீர்கள். அப்போது ரேட்டை அவர்கள் சொல்வார்கள். அதனால் கடிதம் கொடுப்பதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே ஒரு மெஷினை அவர்கள் வேலையிலிருந்து கழற்றுங்கள். சத்தமில்லாமல். 'இந்த மாதம் ஒரு ஸ்டைல்தான் எடுக்க முடியும்' என்றால் போதும். அந்த மெஷினுக்குச் சின்னச் சின்ன வேலை பிடியுங்கள். உள்நாட்டு பிராண்டு, ஸ்கூல் யூனிஃபார்ம் பேட்ஜ், ஹோட்டல் சட்டை எது கிடைத்தாலும். ரேட் கம்மியாகத்தான் இருக்கும். ஆனால் இருபது ஹெட்டில் ஒன்பதாயிரம் ஸ்டிச் வேலை ஒரு ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு வரும் என்று உங்களுக்கே தெரியும். சம்பளமும் கரண்டும் அதில் வந்துவிடுகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால் கடிதத்தை எடுத்துக்கொண்டு போகலாம். வராவிட்டால் இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், ராத்திரி ஒன்பது மணிக்குப் போனை அணைத்துவிட்டு.

டிசம்பர் 31 போய் ஜனவரியும் போய் பணம் வரவில்லை என்றால், அதன் பிறகுதான் சிறு தொழில் பாக்கிப் புகாருக்கான அரசு இணையதளம். அங்கே மனுப் போட்டால் இந்தப் பாக்கி வழக்குகளைப் பார்க்கும் வசதியாக்கக் குழுவுக்குப் போகும். முதலில் சமரசம் பேசுவார்கள், சரிவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. வட்டி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் முக்கால் பங்கை முதலில் கட்ட வேண்டும். வேகமாக முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போகும்போது உங்கள் கையில் கையெழுத்திட்ட டி.சி.யும் அந்த 'ஓகே' மெயிலும் இருக்கும். யானைக்குட்டி வருடத்தில் என்னிடம் இரண்டும் இல்லை.

தவணையாகத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் தவணைத் தேதி போட்ட செக்காக வாங்குங்கள். ஒவ்வொரு செக்குக்கும் அதில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம்தான் உயிர். திரும்பி வந்தால், திரும்பிய தகவல் பாங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். 'அடுத்த வாரம் போடுங்க, பணம் இருக்கும்' என்று சொல்லிச் சொல்லியே இந்த 30 நாளைத் தின்பார்கள். காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

ஊரில் யாராவது 'ஏன் அங்கே விட்டுட்டீங்க?' என்று கேட்டால், 'செட் ஆகலைங்க' போதும். அந்த 62,000 கதையை என்னிடம் எழுதிவிட்டீர்கள் இல்லையா, இத்தோடு விடுங்கள்.

அக்கா, நான் வெப்சைட் டிசைன் செய்து கொடுக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் இரண்டு வருடமாகப் பராமரிப்புப் பணம் ஒழுங்காகத் தருவதில்லை, வாட்ஸ்அப்பில் மரியாதை இல்லாமல் பேசுகிறார். டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் என் பெயரில்தான் இருக்கிறது. சைட்டை முடக்கி வைத்துவிட்டு, 'பணத்தைக் கொடு, சாவியை வாங்கிக்கோ' என்று சொன்னால் என்ன?

ஒரு வாசகர், கும்பகோணம்

தம்பி, மேலே யானைக்குட்டி கதையைப் படித்தீர்களா? அதேதான். உங்கள் விஷயத்தில் ஒரு படி மேலே ஆபத்து, ஏனென்றால் உரிமை உள்ளவரைக் கம்ப்யூட்டர் அமைப்புக்குள் வரவிடாமல் தடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ம் பிரிவைக் காட்டி அவரே உங்கள் மேல் நஷ்ட ஈடு கேட்கலாம். பாக்கிக்குத் தனியாகப் பில்லும் நோட்டீஸும் அனுப்புங்கள். சைட்டைத் தனியாக ஒப்படையுங்கள்.

உங்கள் தப்பு எது என்றால், அவருடைய டொமைனை உங்கள் பெயரில் வைத்ததுதான். முதல் நாள் வசதியாகத்தான் இருக்கும். 'முப்பது நாளில் பராமரிப்பு நிற்கும், அதற்குள் டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்' என்று மெயில் போடுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். டாட் காம் டொமைன் புதிதாகப் பதிந்தோ மாற்றியோ 60 நாள் ஆகாவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாற்ற விடாமல் பூட்டியிருப்பார்கள், அதைப் பார்த்துத் தேதி சொல்லுங்கள். சைட்டின் முழு பேக்கப்பையும் டேட்டாபேஸையும் ஒரு லிங்கில் போட்டுக் கொடுங்கள். பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அவர் மாற்றிவிட்டார் என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து சைட் ஹேக் ஆனாலும் உங்களுக்குத்தான் போன் வரும்.

வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். என் நாத்தனாரின் ஓரகத்தி மாதா மாதம் ஆர்டர் கொடுக்கிறாள். முறுக்கு, அதிரசம், சீடை, ஒரு தடவை சீருக்கு முழு வரிசையும். பணம் மூன்று மாதம் கழித்து, அதுவும் ரவுண்டாகக் குறைத்து. போன தடவை 'எண்ணெய் வாடை' என்று இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டாள். டப்பாவைத் திருப்பித் தரும்போது அதில் ஒரு முறுக்கு கூட இல்லை. சொந்தத்தை எப்படிக் கை கழுவுவது?

காரைக்குடி வாசகி

டெபிட் நோட் திருப்பூரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஆச்சி, கை கழுவ முடியாது, நாளைக்கு ஒரு காதுகுத்தில் பக்கத்துப் பக்கத்தில் பந்தியில் உட்கார வேண்டும். அவளிடம் பேசவே பேசாதீர்கள். தீபாவளிக்கு எல்லாருக்கும் போவது மாதிரி ஒரே விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கீழே, 'எண்ணெய், பச்சரிசி விலை ஏறியதால் இந்த முறை முழுப் பணமும் முன்னாலேயே வாங்குகிறோம்' என்று போட்டுவிடுங்கள். உங்கள் நாத்தனாருக்கும் அதையே அனுப்புங்கள், நாத்தனார் முதலில் பணம் கட்டட்டும். அப்புறம் ஓரகத்தி கேட்பாள், 'எனக்குமா?' என்று. 'எல்லாருக்கும்தான், நாத்தனாரே கட்டிட்டாங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அவள் பணம் அனுப்பினால் மாவு பிசையுங்கள். அனுப்பாவிட்டால் அரைக் கிலோ அதிரசத்தை மட்டும் ஒரு காகிதப் பெட்டியில் போட்டு, தீபாவளிக்கு முதல் நாள் சும்மா கொடுத்து அனுப்புங்கள். உங்கள் எவர்சில்வர் டப்பாவில் வேண்டாம்.